கோவில்பட்டி மட்டும் ஏன் இரண்டு? ஆர்சிங்க் செய்த பிறகு தமிழ் ஃபோல்டர்களில் குழப்பம்

கரிசல்குரல் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன், ஊர் கோவில்பட்டி பக்கம். 2013 முதல் கோவில் கொடைத் திருவிழாக்களுக்குப் போய் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் பதிவு செய்து வருகிறேன். ஒரு ராத்திரி கொடை என்றால் ஐந்தாறு மணி நேரம் ஓடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வைத்தால் மணிக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே வரும். இப்போது எல்லாம் சேர்ந்து 610 ஜிபி இருக்கிறது.

இவை மூன்று இடங்களில் கிடக்கின்றன. களத்துக்கு எடுத்துப் போகும் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். வீட்டில் விண்டோஸ் டெஸ்க்டாப். மூன்றாவது என் மச்சானின் பழைய மேக்புக். 2014 முதல் 2016 வரை அவர்தான் என்னோடு கூட வந்தார், அந்த மூன்று வருஷப் பதிவுகளில் பாதி அவரிடம் மட்டும்தான் இருந்தது. போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் மேக்கிலிருந்து என் லேப்டாப்புக்கு எல்லாவற்றையும் அனுப்பினோம். ஒரு எரர் கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் கோவில்பட்டி என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர். ஒரே இடத்தில், ஒரே பெயரில், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் என்னுடைய பழைய பதிவுகள், மற்றொன்றில் மச்சானிடமிருந்து வந்தவை. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயர் இரண்டு தடவை வரமுடியாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பெயரின் முன்னாலோ பின்னாலோ இடைவெளி விழுந்திருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. அதை நான் நூறு தடவை பார்த்துவிட்டேன்.

எல்லா ஊருக்கும் இப்படி ஆகவில்லை என்பதுதான் புரியவில்லை. எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, கயத்தாறு, தென்காசி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. கோவில்பட்டி, சங்கரன்கோவில், பாளையங்கோட்டை, செங்கோட்டை நான்கும் இரட்டையாக நிற்கின்றன.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது 23 ஃபைல்கள் மட்டும் வர மறுக்கின்றன. "ஃபைல் நேம் டூ லாங்" என்று வருகிறது. விண்டோஸில் அதே பெயரோடு நன்றாகத்தான் இருக்கின்றன.

காசு கொடுத்து வாங்கும் சேவை வேண்டாம், திறந்த மூலக் கருவிகளே போதும். யாராவது வழி சொல்லுங்கள். 2014-இல் ஒரு அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) பாடிய முத்துப்பட்டன் கதை அந்த இரட்டை ஃபோல்டரில் ஒன்றில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. கை வைக்கவே பயமாக இருக்கிறது.

நெல்லைநெட் (ஞாயிறு, இரவு 10.15)

அண்ணாச்சி, அனுபவத்தில் சொல்கிறேன். ஃபைல் பெயர், ஃபோல்டர் பெயர் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள். எங்கள் ஆபீஸில் அப்படித்தான், பத்து வருஷமாக ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. தமிழில் பேர் வைத்தால் ஏதாவது ஒரு கருவி எங்கேயாவது மக்கர் பண்ணும்.

கரிசல்குரல் (ஞாயிறு, இரவு 10.50)

நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்வது தெரிகிறது தம்பி. ஆனால் அதைச் செய்ய எனக்கு மனம் இல்லை, காரணமும் இருக்கிறது. கழுகுமலையின் ழு, விளாத்திகுளத்தின் ளா, இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். நானே 2013-இல் ஒரு மாதிரியும் 2018-இல் வேறு மாதிரியும் எழுதி வைத்து, பிறகு தேடிக் கிடைக்காமல் அலைந்திருக்கிறேன். இந்தப் பதிவுகளைக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் பாடினவர்களின் பிள்ளைகள், பேரன்கள். அவர்கள் தேடுவது தமிழில்தான்.

முனையம் (திங்கள், காலை 6.30)

ஐயா, பெயர்களை மாற்ற வேண்டாம். தமிழில் தவறே இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள், நான் நினைப்பது சரியா என்று தெரிந்துவிடும்.

முதலில் இரட்டையாக நிற்கிற நான்கு பெயர்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். நான்கிலும் பொதுவாக ஒரு எழுத்து இருக்கிறது. ஒற்றையாகச் சேர்ந்த ஐந்தில் அது இல்லை.

பிறகு டெர்மினலைத் திறந்து, அந்த இடத்துக்குப் போய், எல்எஸ் கட்டளையில் "கோவில்" என்று தொடங்கும் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளைக்குக் குழாய் (பைப் குறி) வழியாக அனுப்பி எத்தனை பைட் என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு ஃபோல்டருக்கும் ஒரே எண் வந்தால் நான் சொல்வது தப்பு.

கரிசல்குரல் (திங்கள், மாலை 5.20)

பள்ளியில் இடைவேளையில் உங்கள் பதிலைப் பார்த்தேன். எழுதிப் பார்க்கவே தேவைப்படவில்லை. நான்கிலும் "கோ" இருக்கிறது!

வீட்டுக்கு வந்து எண்ணியும் பார்த்தேன். ஒரு கோவில்பட்டி 34, இன்னொரு கோவில்பட்டி 37. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கிற ஒரே பெயருக்கு மூன்று பைட் வித்தியாசம். எங்கிருந்து வந்தது இது?

முனையம் (திங்கள், இரவு 8.05)

நீங்கள் தமிழ் ஆசிரியர் என்பதால் உங்களுக்குச் சொல்வது சுலபம். கரும்பலகையில் பிள்ளைகளுக்கு "கோ" எப்படிச் சொல்லித் தருவீர்கள்? இரட்டைக் கொம்பு, க, அப்புறம் கால். அதாவது மூன்று துண்டு.

கம்ப்யூட்டர்கள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின்னால் "ஓ" குறி என்று ஒரே குறியாகப் போடலாம். அல்லது க-வுக்குப் பின்னால் இரட்டைக் கொம்பு, அதன் பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் போடலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, திரையிலும் ஒரே மாதிரிதான் வரும். சேர்த்து எழுதுவதை என்எஃப்சி என்றும், பிரித்து எழுதுவதை என்எஃப்டி என்றும் சொல்வார்கள். கொ, கோ, கௌ வரிசைகளுக்கும் தனி ஔ எழுத்துக்கும் தான் இந்தப் பிரிவு உண்டு. தென்காசியில் இருப்பது ஒற்றைக் கொம்பு மட்டும், அதைப் பிரிக்க வழியில்லை. விளாத்திகுளத்தில் இருப்பது வெறும் கால். அதனால்தான் அவை ஒழுங்காகச் சேர்ந்தன.

தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். சேர்த்து எழுதிய கோவில்பட்டியில் 11 குறிகள், 33 பைட். பிரித்து எழுதியதில் 12 குறிகள், 36 பைட். வரி முடிவுக்கு ஒன்று கூட்டினால் நீங்கள் பார்த்த 34, 37.

பழைய மேக் டிஸ்குகளில் இருக்கும் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை, நீங்கள் எப்படித் தட்டச்சு செய்தாலும் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 அதில் தலையிடாது, வந்த பைட்டுகளை வந்தபடியே வைத்துக்கொள்ளும். பைட் வேறு என்றால் அதற்குப் பெயர் வேறு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் அப்படித்தான். ஆர்சிங்க் 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கராஸும் எழுதியது. அது பெயரை பைட்டாகத்தான் பார்க்கும், மொழியாகப் பார்க்காது. ஆகவே யாரும் தப்பு செய்யவில்லை. மேக் பிரித்துக் கொடுத்தது, லினக்ஸ் அப்படியே வாங்கிக்கொண்டது.

ஆர்சிங்கில் இதற்கென்றே "ஐகான்வ்" என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. மேக்கிலிருந்து அனுப்பும்போது "யுடிஎஃப்-8-மேக்" என்பதை முதலிலும் "யுடிஎஃப்-8" என்பதை அடுத்தும் கொடுத்தால் போகிற வழியிலேயே சேர்த்துவிடும். ஆனால் அது ஆர்சிங்கின் 3.0 பதிப்பில்தான் வந்தது. மேக்கில் பல வருஷங்களாகக் கூடவே வந்தது பழைய 2.6.9. அடுத்த தடவை மச்சான் வீட்டில் முதலில் மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியாகப் புது ஆர்சிங்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இருப்பதைச் சரிசெய்ய:

எதிலும் கை வைக்கும் முன் 610 ஜிபியையும் ஒரு தனி டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். உங்கள் பயம் நியாயமானது, இதைச் செய்தால் அது போய்விடும்.

அப்புறம் மச்சானிடமிருந்து வந்த கோவில்பட்டியை ஃபைல் மேனேஜரிலேயே "மச்சான் 1" என்று பெயர் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல் பெயர்களிலும் "கொடை" என்ற சொல் வரும், அதுவும் பிரிந்துதான் இருக்கும். கன்வ்எம்வி என்ற சின்னக் கருவி இருக்கிறது. எந்தக் குறிமுறையிலிருந்து எதற்கு என்ற இரண்டு இடத்திலும் யுடிஎஃப்8 கொடுத்து, "என்எஃப்சி" ஆப்ஷனும், உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து என்பதற்கு "ஆர்" ஆப்ஷனும் போட்டு "மச்சான் 1" மேல் ஓட்டுங்கள். முதல் தடவை அது எதையும் மாற்றாது, என்ன மாற்றப்போகிறது என்று காட்டும், அவ்வளவுதான். படித்துப் பார்த்துச் சரி என்றால் "நோடெஸ்ட்" சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அதே பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தால் அது இரண்டையும் ஒன்றாகக் கலக்காது, அதனால்தான் முதலில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன்.

கடைசியாக "மச்சான் 1"-இலிருந்து உங்கள் கோவில்பட்டிக்கு ஆர்சிங்க். இங்கே மூன்று ஆப்ஷன் முக்கியம். "டிரை-ரன்", ஒத்திகை மட்டும் பார்க்க. "செக்சம்", நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிட. "பேக்அப்", ஒரே பெயரில் வேறு உள்ளடக்கம் இருந்தால் பழையதை அழிக்காமல் ஒதுக்கி வைக்க. மூலத்தின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட மறக்காதீர்கள். போடாவிட்டால் கோவில்பட்டிக்குள்ளே "மச்சான் 1" என்று ஒரு ஃபோல்டர் உட்கார்ந்துவிடும். "டெலீட்" ஆப்ஷன் இந்த வேலை முடியும்வரை வேண்டவே வேண்டாம்.

செக்சம் ஏன் என்றால், ரெக்கார்டர் கார்டுகள் பலவற்றில் இருப்பது ஃபேட்32 என்ற கோப்பு முறை. அதில் நேரம் உள்ளூர் நேரமாகத்தான் பதியும், எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு இருக்காது. எந்தக் கம்ப்யூட்டர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைப் பொறுத்து ஒரே ஃபைலுக்கு சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் காட்டும். 

அந்த 23 ஃபைல்களில் ஒன்றின் பெயரை இங்கே போடுங்கள்.

கரிசல்குரல் (திங்கள், இரவு 9.30)

கரும்பலகையில் இருபது வருஷமாக எழுதிக் காட்டுகிறேன், கொம்பு, எழுத்து, கால் என்று. கம்ப்யூட்டருக்குள்ளும் அதே கதை என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. நாளைக்கு ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லப் போகிறேன்.

பெயர் இது, கடைசியில் புள்ளியும் மூன்றெழுத்து வேவ் நீட்டிப்பும் வரும்:

எட்டயபுரம் பக்கத்து ஊர் அம்மன் கோவில் கொடை இரண்டாம் நாள் இரவு வில்லுப்பாட்டு சுடலைமாடன் கதை முதல் பாகம்

முனையம் (திங்கள், இரவு 9.55)

எண்ணிப் பார்த்தேன். 90 தமிழ்க் குறிகள், தலா 3 பைட், 270. இடைவெளி 13. நீட்டிப்பு 4. ஆக 287 பைட். இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். விண்டோஸ் பைட்டாக எண்ணாது, 255 குறி வரை விடும். உங்கள் பெயரில் மொத்தம் 107 குறிதான், அதனால் அங்கே தாராளமாக இருக்கிறது.

லினக்ஸில் தமிழுக்கு அதிகபட்சம் 85 குறி. புள்ளியும் கொம்பும் காலும் ஒவ்வொரு குறி என்பதால் எழுத்தாக எண்ணினால் இன்னும் குறையும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தச் சுவரில் முட்டுவதே இல்லை, அதனால் இதைப் பற்றிப் பேசுவதும் குறைவு. 60 குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஒத்திசைக்கும் கருவிகள் பெயரோடு எதையாவது ஒட்டும்போதும் இடம் இருக்கும்.

வைகைக்கரை (செவ்வாய், காலை 11.10)

ஐயா, பெயர்ச் சிக்கல் தீர்ந்த பிறகு மூன்று கம்ப்யூட்டரையும் தொடர்ந்து ஒத்துப்போக வைக்க என்ன செய்யப் போகிறீர்கள்? நான் சிங்திங் பயன்படுத்துகிறேன். நடுவில் யாருடைய சர்வரிலும் ஃபைல்கள் தங்காது, உங்கள் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும். அது பெயர்களைத் தானாகவே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ஆனால் ஒரே பெயர் இரண்டு வடிவத்திலும் ஏற்கெனவே இருந்தால் முரண் என்று சொல்லி ஒன்றைத் தொடாமல் விட்டுவிடும். அதனால் முனையம் சொன்ன வேலையை முழுசாக முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று, இதை எழுதத்தான் உள்ளே வந்தேன். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. அம்மா கைப்பட எழுதிய சமையல் நோட்டை ஸ்கேன் செய்து ஃபோனிலும் லேப்டாப்பிலும் ஒத்திசைத்து வைத்திருந்தேன். ஒரு நாள் ஃபோனில் இடம் இல்லை என்று படங்களை அழித்தேன். லேப்டாப்பில்தான் இருக்கிறதே என்ற தைரியம். ஒரு நிமிஷத்தில் லேப்டாப்பிலும் போய்விட்டது. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, அழிந்த, மாறிய ஃபைல்களின் பழைய நகலை எடுத்து வைக்கும் ஃபைல் வெர்ஷனிங்கை நான் இயக்கி வைக்கவில்லை. நோட்டு வீட்டில் இருந்ததால் நான்கு நாள் உட்கார்ந்து மறுபடி ஸ்கேன் செய்தேன். உங்கள் அண்ணாவியை மறுபடி பாடச் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பதிவுகளுக்கு ஒரு ஃபோல்டர், குறிப்புகளுக்கு வேறு ஃபோல்டர் என்று சிங்திங்கில் பிரித்துவிடுங்கள். பதிவுகளுக்கு லேப்டாப்பில் "அனுப்ப மட்டும்", டெஸ்க்டாப்பில் "வாங்க மட்டும்". குறிப்புகள் இரண்டு பக்கமும் போய் வரட்டும். இரண்டு கம்ப்யூட்டரிலும் இரண்டு ஃபோல்டருக்கும் வெர்ஷனிங் போடுங்கள். மற்ற கம்ப்யூட்டரிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் அது பழையதை எடுத்து வைக்கும், அந்தக் கம்ப்யூட்டரிலேயே நீங்கள் அழித்ததை அங்கே வைக்காது. ஆகவே இரண்டு பக்கமும் வேண்டும். இதற்கு மேல், மாதம் ஒரு முறை ரெஸ்டிக் அல்லது போர்க் வைத்து ஒரு டிஸ்கில் காப்பு நகல் எடுத்து, அதை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

ஃபோனில் வேண்டும் என்றால் ஒரு செய்தி. சிங்திங்கின் சொந்த ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதிலிருந்து பிரிந்து வந்த ஃபோர்க்கைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

கரிசல்குரல் (ஞாயிறு, மாலை 4.00)

ஒரு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு 1 டிபி டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்து, மச்சான் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் இரட்டை ஃபோல்டர்களைத் தொட்டேன். கன்வ்எம்வி முதல் ஓட்டத்தில் 148 பெயர்களைக் காட்டியது. ஒன்று விடாமல் படித்தேன், எல்லாவற்றிலும் கொடை, கோவில், கௌரி என்று அந்த மூன்று வரிசை எழுத்துகள்தான். நோடெஸ்ட் போட்டு ஓட்டிவிட்டு மறுபடி பைட் எண்ணினேன். எல்லாக் கோவில்பட்டியும் 34.

ஒத்திகையில் ஒன்று மாட்டியது. 2015 சங்கரன்கோவில் பதிவு ஒன்று இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இருந்தது, செக்சம் வேறு. கேட்டுப் பார்த்தேன். என்னுடையதில் நடுவில் கார்டு நிரம்பி நாற்பது நிமிஷம் இல்லை. மச்சானுடையது முழுசாக இருக்கிறது. பேக்அப் ஆப்ஷன் சொல்லியிருக்காவிட்டால் எதை எது அழித்தது என்றே தெரியாமல் போயிருக்கும். முனையம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நீளப் பெயர்களுக்கு ஒரு வழி பிடித்துவிட்டேன். ஃபைல் பெயரில் தேதி, ஊர், கதை மூன்று மட்டும். எந்தக் கோவில், எத்தனாவது நாள், புலவர் யார், குடம் அடித்தது யார், உடுக்கை யார் கையில் என்பதெல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் "விவரம்" என்ற உரைக் கோப்பில். முன்பு பெயருக்குள் திணித்து வைத்திருந்ததை இப்போது விரிவாகவே எழுத முடிகிறது. 23-ஐயும் அப்படி மாற்றினேன், எல்லாம் வந்துவிட்டன.

வைகைக்கரை அம்மா, சிங்திங் நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு ஃபோல்டராகப் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு டெஸ்க்டாப்பில் வேண்டுமென்றே ஒரு குறிப்பை அழித்து, லேப்டாப்பின் வெர்ஷன் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். இருந்தது. ரெஸ்டிக் இன்னும் தொடங்கவில்லை, இந்த மாதக் கடைசிக்குள் செய்துவிடுவேன்.

நேற்று ராத்திரி அந்த முத்துப்பட்டன் கதையை ஹெட்ஃபோனில் முழுசாகக் கேட்டேன். வீசுகோல் வில்லில் விழும்போது மணிகள் குலுங்கும் சத்தத்துக்கு முன்னால் அண்ணாவி ஒரு மூச்சு இழுப்பார், அதுவரை கேட்கிறது. அவருடைய பேரன் சென்னையில் வேலை பார்க்கிறார், இந்தப் பதிவு வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்று காலையில் இணையச் சேமிப்புக்கு ஃபைல்களை அனுப்பும் ஆர்க்ளோன் வழியாக அவருடைய கணக்கில் ஏற்றிவிட்டேன். பெயர் தமிழிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.